சர்வீசுக்கு சர்வீஸ் என்ன பேசிக்குது? மெசேஜ் ஓட்டத்தை வரைஞ்சு பாக்குறது எப்படி

முக்காவாசி டீம்ல ஒரு படம் இருக்கும். அஞ்சாறு டப்பா, ஒவ்வொண்ணும் ஒரு சர்வீஸ், அதாவது தனியா ஓடற ஒரு ப்ரோகிராம், நடுவுல கோடு, கோட்டு மேல ஒரு எழுத்துகூட இருக்காது. புதுசா யாராவது சேந்தா அந்தப் படத்தத்தான் காட்டுவாங்க, "இது புக்கிங், இது பேமெண்ட், ரெண்டும் பேசிக்கும்"னு சொல்லுவாங்க. என்ன பேசிக்கும், யார் முதல்ல வாயத் தொறக்கணும், பதில் வரலேன்னா யார் என்ன செய்யணும், இது எதுவுமே அதுல இருக்காது. அதெல்லாம் ரெண்டு மூணு பேர் மண்டைக்குள்ளயும் சோர்ஸ் கோடுக்குள்ளயும் சிதறிக் கெடக்கும். நான் இங்க சொல்லப்போறது அந்தப் பேச்ச வரையறதப் பத்தி. டப்பாவ வரைஞ்சா சிஸ்டத்துல என்னென்ன இருக்குன்னு தெரியும், பேச்ச வரைஞ்சாதான் எல்லைய சரியா போட்டிருக்கமான்னு தெரியும். இத நான் ரொம்ப உறுதியா நம்புறேன், ஏன்னு கீழ ஒரு உதாரணத்தோட சொல்றேன்.

முதல்ல பவுண்டட் கான்டெக்ஸ்ட்ன்னா என்னன்னு சுருக்கமா. எரிக் எவன்ஸ் 2003ல டொமைன் ட்ரிவன் டிசைன் (பிசினஸ் எப்படி நடக்குதோ அத ஒட்டியே சாஃப்ட்வேர வடிவமைக்கற முற) பத்தி எழுதுனப்ப கொண்டு வந்த சொல்லு இது. ஒரு மாடலும் அதோட வார்த்தைகளும் எந்த எல்ல வரைக்கும் ஒரே அர்த்தத்துல செல்லுபடி ஆகுதோ அந்த எல்லதான் பவுண்டட் கான்டெக்ஸ்ட். சினிமா டிக்கெட் புக் பண்ற ஒரு சிஸ்டத்த எடுத்துக்குவோம், கடைசி வரைக்கும் இதே உதாரணந்தான். "டிக்கெட்"ங்கற ஒரே வார்த்தைய பாருங்க, சீட்ட கவனிக்கிற டீமுக்கு அது ஒரு வரிசையும் ஒரு நம்பரும், பேமெண்ட் டீமுக்கு அது பில்லுல ஒரு வரி, வாசல்ல நிக்கிற ஆளுக்கு அது ஸ்கேன் பண்ற ஒரு க்யூஆர் கோடு. மூணையும் ஒரே கிளாஸ்ல அடைக்காம தனித்தனியா வெச்சுக்கிட்டோம்னா மூணு கான்டெக்ஸ்ட். தனித்தனியா வெச்சதுக்கு அப்புறம் அதுங்க பேசிக்கணுமே, அங்கதான் நம்ம வேல ஆரம்பிக்குது.

கான்டெக்ஸ்ட் மேப்னு ஒரு படம் ஏற்கனவே இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, நல்ல படந்தான். யார் கொடுக்கற மேல்பக்கம் யார் வாங்கிக்கற கீழ்பக்கம், யார் யாரோட மாடலுக்கு வளைஞ்சு கொடுக்குறாங்க, நடுவுல ஒருத்தர் மாடல இன்னொருத்தர் மாடலா மாத்தற மொழிபெயர்ப்பு லேயர் இருக்கா இல்லையா, இதெல்லாம் அது காட்டும். ஆனா அதுல நேரம் கெடையாது. எது முதல்ல எது அப்புறம்ங்கறது தெரியாது. சீக்வன்ஸ் டயக்ராம்ல, அதாவது யார் யாரக் கூப்பிடறாங்கன்னு மேலேர்ந்து கீழ வரிசையா காட்டற படத்துல, நேரம் இருக்கு, அதுவும் யூஎம்எல்ங்கற வரைபடக் குறியீடு வந்த காலத்துலேர்ந்து எல்லாருக்கும் பழக்கமானது, ஆனா அத கையில எடுத்தவுடனே நம்ம ஆளுங்க மெத்தட் பேரு, எச்டிடிபி ஸ்டேட்டஸ் கோடுன்னு இறங்கிடுவாங்க, பிசினஸ் ஆளு ஒரு நிமிஷத்துல போன எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிடுவாரு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வேணும், அதுதான் மெசேஜ் ஃப்ளோ படம். டிடிடி (டொமைன் ட்ரிவன் டிசைனோட சுருக்கம்) க்ரூன்னு, கோடு பகிர்ந்துக்கற தளமான கிட்ஹப்ல இருக்கற குழு டொமைன் மெசேஜ் ஃப்ளோ மாடலிங்ங்கற பேர்ல இதுக்கு ஒரு எளிமையான குறியீடு வெச்சிருக்காங்க. ஆளு, கான்டெக்ஸ்ட், மெசேஜ், மெசேஜுக்கு ஒரு வரிச நம்பர், அவ்ளோதான். நான் சொல்றது அத ஒட்டித்தான் போகும், நடுநடுவுல நான் பழகிக்கிட்ட வழியும் சேந்து வரும்.

ஒரு படத்துக்கு ஒரு கத

மொத்த சிஸ்டத்தையும் ஒரே படத்துல வரைய ஆசைப்படாதீங்க. அப்படி வரைஞ்சா திரும்ப அந்தப் பழைய டப்பாவும் கோடும்தான் வரும். ஒரே ஒரு சம்பவத்த எடுத்துக்கங்க, அதையும் குறிப்பா எடுத்துக்கங்க. "டிக்கெட் புக்கிங்"ங்கறது சம்பவம் இல்ல, அது ஒரு தலைப்பு. "ஒருத்தர் ரெண்டு சீட்ட தேர்ந்தெடுத்து கார்டுல பணம் கட்டி டிக்கெட் வாங்குறாரு"ன்னா சம்பவம். "பணம் கட்டிக்கிட்டு இருக்கும்போதே சீட்டோட நேரம் முடிஞ்சிடுது"ன்னா அது இன்னொரு சம்பவம், அதுக்கு இன்னொரு படம். ஆரம்பமும் முடிவும் வாயால சொல்ல முடியணும், யார் ஆரம்பிச்சு வெச்சாங்க, எது நடந்தா கத முடிஞ்சதுன்னு. என் கணக்குக்கு ஒரு படத்துல பன்னெண்டு பதினஞ்சு மெசேஜுக்கு மேல போனா ரெண்டா உடைச்சிடணும், அதுக்கு மேல கண்ணு தொடராது.

யாரக் கூப்பிடணும்? அந்தக் கதையில வர்ற ஒவ்வொரு கான்டெக்ஸ்டையும் பாத்துக்கற டீம்லேர்ந்து ஒரு ஆளாவது வரணும், கூட பிசினஸ் பக்கம் முடிவெடுக்கற ஒருத்தர். ஆர்க்கிடெக்ட் தனியா உக்காந்து வரைஞ்சு அனுப்புற படத்துக்கு பெருசா பலன் இல்ல, ஏன்னா இதுல விஷயமே "நீங்க அத அனுப்புறீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்"ங்கற வாக்கியம் ரூமுக்குள்ள வெளிய வர்றதுதான். ஒரு அமைப்புக்குள்ள ஆளுங்க எப்படிப் பேசிக்கறாங்களோ அதே அச்சுலதான் அவங்க கட்டுற சிஸ்டமும் வரும்னு மெல்வின் கான்வே 1968லயே எழுதி வெச்சிருக்காரு. பேசிக்காத ரெண்டு டீமோட சர்வீசுகளுக்கு நடுவுல இருக்கற அம்பு எப்பவும் சந்தேகத்துக்குரியது, அந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க.

மெசேஜுக்கு பேர் வைக்கிறது, இங்கதான் பாதி வேல முடியுது

மெசேஜ் மூணே வகதான். கமாண்ட், ஈவென்ட், க்வெரி. இத நான் இங்கிலீஷ்ல படிச்சப்ப வித்தியாசம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா போர்டு முன்னாடி நின்னா கொழப்பம் வரும். தமிழ்ல யோசிக்க ஆரம்பிச்சதும் கொழப்பம் போயிடுச்சு, ஏன்னா நம்ம வினைச்சொல்லே வகைய சொல்லிக் கொடுத்துடும். கமாண்ட்ன்னா ஏவல்: "சீட்ட பிடிச்சு வை", "பணம் வாங்கு". ஈவென்ட்ன்னா இறந்தகாலம்: "சீட்ட பிடிச்சாச்சு", "பணம் வந்துச்சு". க்வெரின்னா வினா: "எந்த சீட் காலியா இருக்கு?", "மொத்தம் எவ்ளோ?". ஒரு மெசேஜ இந்த மூணுல ஒண்ணா வாய்விட்டு சொல்லிப் பாருங்க. சொல்ல வரலேன்னா அந்த மெசேஜ்ல கோளாறு இருக்கு.

சும்மா இலக்கணத்துக்காக இத சொல்லல, மூணுக்கும் பின்னாடி வேற வேற பொறுப்பு இருக்கு. ஏவல் ஒரே ஒருத்தர்கிட்டதான் போகும், வாங்கறவர் "முடியாது"ன்னு மறுக்கலாம், அனுப்புனவருக்கு வாங்கறவர் யாருன்னு தெரிஞ்சிருக்கும். நடந்தத யாரும் மறுக்க முடியாது, அது முடிஞ்சு போச்சு, அத பத்து பேர் கேக்கலாம், ஒருத்தர்கூட கேக்காமயும் இருக்கலாம், சொன்னவருக்கு யார் கேக்கறாங்கன்னு தெரியவே வேண்டாம். கேள்வி எதையும் மாத்தாது, ஆனா பதில் வர்ற வரைக்கும் கேட்டவர் காத்துக்கிட்டு நிக்கணும்.

இப்ப "பேமெண்ட் ஸ்டேட்டஸ் அப்டேட்"னு ஒரு மெசேஜ் இருக்குன்னு வைங்க, நெறைய சிஸ்டத்துல இருக்கும். இது ஏவலா? யார யாரு ஏவறாங்க? இறந்தகாலமா? என்ன நடந்துச்சு, பணம் வந்துச்சா, பாங்கு மறுத்துச்சா, திருப்பிக் கொடுத்தாச்சா? இது வெறும் பெயர்ச்சொல்லு, வினையே இல்ல. இந்த மாதிரி பேர் இருந்தா கேக்கற ஒவ்வொருத்தரும் மெசேஜ தொறந்து உள்ள ஸ்டேட்டஸ் ஃபீல்ட பாத்து தன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்குவாங்க, பேமெண்டோட உள்விவகாரம் அத்தன டீமோட இஃப் எல்ஸ்லயும் போய் உக்காந்துக்கும். அத மூணு தனித்தனி நடந்ததா பிரிச்சா பிரச்சன அங்கயே தீந்துடும்.

வரைவோம்

முதல் சுத்துல டெக்னாலஜி எதையும் எழுதாதீங்க. காஃப்கா, ரெஸ்ட், க்யூ மாதிரி மெசேஜ் கொண்டு போற வழி எதுவும் வேண்டாம், யாராவது சொன்னா "ரெண்டாவது சுத்துல"ன்னு ஓரமா எழுதி வெச்சுக்கங்க. முதல் சுத்து முழுக்க முழுக்க பிசினஸ் பேச்சு. ஒரு பெரிய பேப்பர் இல்லேன்னா வெள்ள போர்டு, கான்டெக்ஸ்டுக்கு ஒரு டப்பா, ஆளுக்கு ஒரு பொம்ம. ஈவென்ட் ஸ்டார்மிங் (பிசினஸ்ல நடக்கறதெல்லாம் ஸ்டிக்கி நோட்ல எழுதி சுவத்துல ஒட்டிப் பேசற முற) பண்ணிப் பழக்கம் உள்ளவங்க அதே கலரயே வெச்சுக்கங்க, நடந்ததுக்கு ஆரஞ்சு, ஏவலுக்கு நீலம், ஸ்டிக்கி நோட் ஏற்கனவே சுவத்துல இருந்தா அத எடுத்து அப்படியே அம்பு மேல ஒட்டிடலாம். கேள்விக்கு வேற ஏதாவது ஒரு கலர் வெச்சுக்கலாம்.

நம்ம டிக்கெட் கத, எல்லாம் நல்லபடியா நடந்தா இப்படி வரும்:

1. வாங்குறவர் → சீட்டிங் | கேள்வி | இந்த ஷோவுக்கு எந்தெந்த சீட் காலி?
2. வாங்குறவர் → புக்கிங் | ஏவல் | இந்த ரெண்டு சீட்டுக்கு புக்கிங் ஆரம்பி
3. புக்கிங் → சீட்டிங் | ஏவல் | சீட்டுகள பத்து நிமிஷம் பிடிச்சு வை
4. சீட்டிங் → புக்கிங் | நடந்தது | சீட்டுகள பிடிச்சாச்சு
5. புக்கிங் → விலை | கேள்வி | ரெண்டுக்கும் சேத்து எவ்ளோ?
6. புக்கிங் → பேமெண்ட் | ஏவல் | இந்தத் தொகைய வாங்கு
7. பேமெண்ட் → புக்கிங், நோட்டிஃபிகேஷன் | நடந்தது | பணம் வந்துச்சு
8. புக்கிங் → சீட்டிங் | ஏவல் | பிடிச்ச சீட்ட உறுதி பண்ணு
9. சீட்டிங் → புக்கிங் | நடந்தது | சீட்டுகள் உறுதியாச்சு
10. புக்கிங் → டிக்கெட் வழங்கல் | நடந்தது | புக்கிங் முடிஞ்சுது

நம்பர் போடறது ரொம்ப முக்கியம், அப்பதான் "ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல என்ன ஆகும்"னு பேச முடியும். அம்பு மேல பேரும் வகையும் மட்டும் போதாது, அதுக்குக் கீழ சின்னதா உள்ள என்ன போகுதுன்னும் எழுதுங்க, முழு ஸ்கீமா வேண்டாம், முக்கியமான நாலு ஃபீல்டு போதும். மூணாவது மெசேஜ்ல ஷோ ஐடி, சீட் நம்பர், எவ்ளோ நேரம் பிடிக்கணும், எந்த புக்கிங்குக்காக. அவ்ளோதான். அங்க வாங்குறவரோட பேரு, ஈமெயில் எல்லாம் போகுதுன்னு யாராவது சொன்னா "சீட்டிங்குக்கு அது எதுக்கு?"ன்னு கேளுங்க. பதில் இல்லேன்னா வெட்டிடுங்க. தேவையில்லாம போற ஒவ்வொரு ஃபீல்டும் நாளைக்கு ஒரு டீம் அத நம்ப ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எடுக்க முடியாத ஃபீல்டா ஆயிடும்.

இப்ப ஏழாவது வரிய திரும்பப் பாருங்க. "பணம் வந்துச்சு"ன்னு சொன்னத ரெண்டு பேர் கேக்கறாங்க. நான் வேல பாத்த ஒரு எடத்துல இதே மாதிரி ஒரு ஓட்டம் இருந்துச்சு, படம் வரைஞ்சு வெச்சிருந்தாங்க, ஆனா நோட்டிஃபிகேஷனுக்குப் போற அம்பு அந்தப் படத்துல இல்ல, ஏன்னா அது யாரோ அப்புறமா தானா சப்ஸ்கிரைப் பண்ணிக்கிட்டது. "பணம் வந்தாச்சுன்னா டிக்கெட் உறுதின்னு மெசேஜ் அனுப்பிடலாம்"னு அந்த டீம் நெனச்சுது, தப்பே இல்லாத மாதிரி தோணும். ஒரு நாள் கூட்டம் அதிகமான நேரத்துல பாங்கு பக்கம் மெதுவாயிடுச்சு. ஒருத்தரோட பணம் பதினோராவது நிமிஷம் வந்துச்சு. சீட்டிங் பத்து நிமிஷத்துலயே சீட்ட விட்டுடுச்சு, இன்னொருத்தர் அத எடுத்துட்டாரு. புக்கிங் எட்டாவது மெசேஜ அனுப்புச்சு, சீட்டிங் மறுத்துச்சு, சரியாத்தான் மறுத்துச்சு. ஆனா அதுக்குள்ள "உங்க டிக்கெட் உறுதி"ன்னு முதல் ஆளுக்கு மெசேஜ் போயிடுச்சு. ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் வாசல்ல வந்து நின்னாங்க. ரெண்டு பேருமே பணம் கட்டுனவங்க, ரெண்டு பேர் கையிலயும் உறுதின்னு மெசேஜ் இருக்கு. அவங்களுக்கு பதில் சொல்ல வேண்டி வந்தது வாசல்ல டிக்கெட் ஸ்கேன் பண்ற ஆளுதான், இந்த ஓட்டத்துல ஒரு வரிகூட அவரு எழுதல.

ஒவ்வொரு சர்வீசோட டெஸ்டும் பச்சையாத்தான், அதாவது பாஸாத்தான் இருந்துச்சு. எந்த ஒரு சர்வீசுக்குள்ளயும் பிழ இல்ல. தப்பு சர்வீசுகளுக்கு நடுவுல இருந்துச்சு, கோடு ரிவ்யூல அது கண்ணுல படவே படாது. அதனால நடந்தத வரையும்போது அத கேக்கற எல்லாரையும் வரைஞ்சே ஆகணும், ஒருத்தரக்கூட விடக்கூடாது. மெசேஜ வாங்கி பங்கிட்டுக் கொடுக்கற ப்ரோக்கர்ல யார் யார் சப்ஸ்கிரைப் பண்ணிருக்காங்கன்னு லிஸ்ட் எடுத்து வெச்சுக்கிட்டு வரைங்க, ஞாபகத்த நம்பாதீங்க.

கோணலா நடந்தா

நல்லபடியா நடக்கற படம் முடிஞ்சதும் அதே பேப்பர்ல ஒவ்வொரு அம்பு மேலயும் செவப்பு பேனாவால மூணு கேள்வி போடுவேன். வரவே இல்லேன்னா? ரெண்டு தடவ வந்தா? வரிச மாறி வந்தா?

வரவே இல்லேன்னாங்கறதுல ஒரு குறிப்பான கேஸ் இருக்கு. பேமெண்ட் தன்னோட டேட்டாபேஸ்ல பணம் வந்தத எழுதிட்டு, மெசேஜ் அனுப்பப் போற நேரத்துல செத்துப்போச்சுன்னா உலகத்துக்கு அது நடந்ததே தெரியாது. இதுக்குத்தான் அவுட்பாக்ஸ் பேட்டர்ன், டேட்டாவையும் அனுப்ப வேண்டிய மெசேஜையும் ஒரே டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்ஷன்ல (ரெண்டும் சேந்து பதிவாகும், இல்லேன்னா ரெண்டுமே பதிவாகாது) எழுதிட்டு, தனியா ஒரு வேல அந்த டேபிள்லேர்ந்து எடுத்து அனுப்பும். அப்படி அனுப்புனா சில நேரம் அதே மெசேஜ் ரெண்டு தடவ போகும், அதான் ரெண்டாவது கேள்வி. ஏழாவது மெசேஜ் ரெண்டு தடவ வந்தா புக்கிங் ரெண்டு தடவ சீட்ட உறுதி பண்ணப் பாக்கக் கூடாது, ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு ஐடி இருக்கணும், பாத்த ஐடிய மெசேஜ வாங்கறவர் ஞாபகம் வெச்சுக்கணும். மூணாவது கேள்விக்கு, காஃப்கா மாதிரி எடத்துல ஒரு வகை மெசேஜ் வந்து சேர்ற டாபிக்க பல பார்ட்டிஷனா பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஒரு பார்ட்டிஷனுக்குள்ளதான் வரிச உறுதி, டாபிக் முழுக்க இல்ல, அதனால ஒரே புக்கிங்கோட மெசேஜ் எல்லாம் ஒரே பார்ட்டிஷனுக்குப் போற மாதிரி கீ வெக்கணும்.

அப்புறம் அந்தப் பதினோராவது நிமிஷ கதைக்கு தனிப்படம் வரைங்க. ஆறு வரைக்கும் அதே, அதுக்கு அப்புறம்:

7. சீட்டிங் → புக்கிங் | நடந்தது | சீட் பிடி காலாவதி ஆச்சு
8. பேமெண்ட் → புக்கிங் | நடந்தது | பணம் வந்துச்சு
9. புக்கிங் → பேமெண்ட் | ஏவல் | பணத்த திருப்பிக் கொடு
10. புக்கிங் → நோட்டிஃபிகேஷன் | நடந்தது | புக்கிங் தோத்துப்போச்சு

இத வரைஞ்சு நாலு பேர் முன்னாடி வெச்சா உடனே ஒரு கேள்வி வரும்: பணத்த வாங்கிட்டு திருப்பிக் கொடுக்கறதுக்கு பதிலா, முதல்லயே வாங்காம இருக்கலாமே? ஆமா, இருக்கலாம். கார்டுல பணத்த முதல்ல ஒதுக்கி மட்டும் வெச்சுட்டு அப்புறமா எடுத்துக்கற வசதி இருக்கு. அப்ப முதல் படத்துல ஆறாவது மெசேஜ் "தொகைய ஒதுக்கி வை"ன்னு மாறும், சீட்டு உறுதியானதுக்கு அப்புறம் "ஒதுக்குனத எடுத்துக்க"ன்னு புதுசா ஒரு ஏவல் வரும், சீட்டு போயிட்டா "ஒதுக்குனத விட்டுடு". எல்லா பேமெண்ட் முறையிலயும் இது நடக்காது, அப்படிப்பட்ட முறைக்கு திருப்பிக் கொடுக்கற வழி இருந்தே ஆகணும். இன்னொரு வழி, பணம் கட்ட ஆரம்பிச்சதும் புக்கிங் சீட்டிங்கிட்ட "பிடிய இன்னும் அஞ்சு நிமிஷம் நீட்டு"ன்னு சொல்றது. எது சரின்னு டெவலப்பர் மட்டும் முடிவு பண்ண முடியாது, காலி சீட்ட அதிக நேரம் பிடிச்சு வெச்சா விக்காம போற ஆபத்து இருக்கு, அது பிசினஸ் முடிவு. அதனாலதான் அந்த ஆளு ரூம்ல இருக்கணும்னு சொன்னேன். இந்தப் பேச்சு படம் இல்லாம வந்தே இருக்காது.

ஒரு நீண்ட வேலைய பல துண்டா உடைச்சு, நடுவுல தோத்தா ஏற்கனவே முடிஞ்ச துண்டுகளுக்கு ஈடுகட்டற வேல பண்றது, இதுக்கு சாகான்னு பேரு, ஹெக்டர் கார்சியா மோலினாவும் கென்னத் சேலமும் 1987லயே டேட்டாபேஸ் பக்கத்துல எழுதுன யோசன. மெசேஜ் ஃப்ளோல ஒவ்வொரு ஏவலுக்கும் பக்கத்துல "இதுக்கு ஈடு என்ன?"ன்னு எழுதிப் பாத்தா உங்க சாகா தானா வந்துடும். ஈடே இல்லாத ஏவல் ஒண்ணு இருக்கும், உதாரணத்துக்கு டிக்கெட் வாங்குறவரோட போனுக்கு அனுப்புன மெசேஜ திரும்ப வாங்க முடியாது, அத கடைசிக்குத் தள்ளுங்க. நோட்டிஃபிகேஷன் முதல் படத்தோட ஏழாவதுக்கு பதிலா பத்தாவத கேக்க ஆரம்பிச்சது இப்படித்தான்.

படத்தப் பாத்து எல்லைய சோதிக்கிறது

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. வரைஞ்சு முடிச்சுட்டு ரெண்டடி பின்னாடி போய் நின்னு பாருங்க.

ரெண்டு டப்பாவுக்கு நடுவுல மட்டும் அம்பு போய் வந்து போய் வந்து இருக்கா? நம்ம படத்துல புக்கிங்கும் சீட்டிங்கும் நாலு தடவ பேசிக்குது, ரெண்டு ஏவல் ரெண்டு பதில், அது எனக்கு பரவால்லன்னு தோணுது, ஏன்னா பிடிக்கிறதும் உறுதி பண்றதும் உண்மையிலேயே வேற வேற நேரத்துல நடக்கற வேற வேற முடிவு. ஆனா புக்கிங் ஒவ்வொரு அடிக்கும் சீட்டிங்கிட்ட "இது ஏசி ஹாலா, இது ஓரமா, இது ஜோடி சீட்டா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, சீட்டு பத்தி முடிவெடுக்கற அறிவு தப்பான டப்பாவுல இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு அந்த முடிவ சீட்டிங்குக்கு தூக்கிக் கொடுங்க, இல்லேன்னா ரெண்டும் ஒரே கான்டெக்ஸ்டோன்னு யோசிங்க. எல்லைய அழிச்சு திரும்பப் போட பேப்பர்ல ஒரு நிமிஷம் ஆகும், நிஜமா ஓடிக்கிட்டு இருக்கற சிஸ்டத்துல மாசக்கணக்குல ஆகும்.

கேள்வி மேல கேள்வி சங்கிலியா போகுதா பாருங்க. புக்கிங் விலையக் கேக்க, விலை ஆஃபரக் கேக்க, ஆஃபர் மெம்பர்ஷிப்பக் கேக்க, எல்லாரும் ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு காத்துக்கிட்டு நிப்பாங்க. ஒவ்வொண்ணும் 99.9 சதவீதம் நேரம் உயிரோட இருக்கும்னு வெச்சாலும் விலை, ஆஃபர், மெம்பர்ஷிப் மூணும் ஒரே நேரத்துல உயிரோட இருக்கறது 99.7 சதவீதந்தான், சங்கிலி நீள நீள இது கொறஞ்சுக்கிட்டே போகும். இந்த மாதிரி எடத்துல மெம்பர்ஷிப் மாறும்போதெல்லாம் "மெம்பர் நிலை மாறுச்சு"ன்னு சொல்லட்டும், விலை தனக்கு வேண்டியத மட்டும் தன்கிட்ட எழுதி வெச்சுக்கட்டும். கொஞ்சம் பழசான தகவல் இருக்கும், அது பரவால்லயான்னு பிசினஸ்கிட்ட கேளுங்க, பெரும்பாலும் பரவால்லம்பாங்க.

நடந்தது மாதிரி வேஷம் போட்ட ஏவல் இருக்கா? "பணம் திரும்பத் தேவைப்பட்டுச்சு"ன்னு ஒரு ஈவென்ட், பேர்ல இறந்தகாலத்த ஒட்ட வெச்சிருப்பாங்க, ஆனா அனுப்புனவரு பேமெண்ட் அத செய்வாருன்னு எதிர்பாத்து உக்காந்திருக்காரு, செய்யலேன்னா கத நின்னுடும். அப்ப அது ஏவல்தான், ஏவல்னே எழுதுங்க. சாஃப்ட்வேர் டிசைன் பத்தி எழுதற மார்ட்டின் ஃபவுலர் 2017ல இத ஒரு பொறின்னு எச்சரிச்சு எழுதியிருக்காரு. எளிமையான சோதன ஒண்ணு இருக்கு, கேக்கறவர் யாருமே இல்லேன்னா அனுப்புனவருக்கு கவல இருக்கா? கவல இருந்தா அது ஏவல்.

ஒரே ஒரு டப்பாவுலேர்ந்து மட்டும் எல்லா அம்பும் கெளம்புதுன்னா அதையும் கவனிங்க. நம்ம படத்துல புக்கிங் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கு, அது இந்த ஓட்டத்த நடத்தற ஆளு, அது தப்பு இல்ல. பணமும் நேரக்கெடுவும் சேந்து வர்ற எடத்துல ஒருத்தர் பொறுப்பா நின்னு நடத்தறது நல்லதுன்னுதான் நான் நெனைக்கிறேன், எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கிட்டு தானா நடக்கும்னு விட்டா பதினோராவது நிமிஷத்துல யார் பொறுப்புன்னு தெரியாது. ஆனா சீட்ட எந்த வரிசைல கொடுக்கணும், எந்த கார்டுக்கு என்ன விதிங்கற அளவுக்கு புக்கிங்குக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தா மத்த டப்பா எல்லாம் வெறும் டேபிளா ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

கடைசியா வார்த்த. பேமெண்ட் "ட்ரான்ஸாக்ஷன்"னு சொல்லும், புக்கிங் "கட்டணம்"னு சொல்லும், அம்பு எந்த எடத்துல எல்லையத் தாண்டுதோ அங்க ஒரு சின்ன புள்ளி வெச்சு யாரோட வார்த்த யாரோட வார்த்தையா மாறுதுன்னு எழுதுங்க. வெளி கம்பெனியோட பேமெண்ட் சேவையா இருந்தா அந்தப் புள்ளியில மொழிபெயர்ப்பு லேயர் கட்டாயம் வேணும், அவங்க ஃபீல்டு பேரு உங்க புக்கிங்குக்குள்ள நொழையவே கூடாது.

ரெண்டாவது சுத்து, அப்புறம் படத்த உயிரோட வெக்கிறது

இப்ப டெக்னாலஜிய உள்ள விடலாம். காத்திருந்து பதில் வாங்கற அம்ப முழுக்கோடா, காத்திருக்காத அம்ப விட்டுவிட்டு வர்ற கோடா போடுங்க. ஓரமா எழுதி வெச்ச காஃப்காவையும் க்யூவையும் இப்ப அந்தந்த அம்பு மேல எழுதுங்க. ஏவல்ன்னா காத்திருக்கணும், நடந்ததுன்னா காத்திருக்க வேண்டாம்னு கட்டாயம் இல்ல, "பணம் வாங்கு"ங்கற ஏவல க்யூல போட்டுட்டு நம்ம வேலையப் பாக்கலாம். வகையும் போக்குவரத்தும் வேற வேற விஷயம், ரெண்டையும் கலக்காம இருக்கத்தான் ரெண்டு சுத்தா பிரிச்சோம்.

மீட்டிங்ல பேப்பரோ போர்டோதான் சிறந்தது, கை வேகமா ஓடும், அழிக்க யாரும் கூச்சப்பட மாட்டாங்க. முடிஞ்சதும் மெர்மெய்ட் இல்லேன்னா பிளான்ட்யூஎம்எல் மாதிரி எழுத்தால வரையற டூல்ல ஏத்தி சோர்ஸ் கோடு இருக்கற ரெப்போலயே (கோட சேத்து வெக்கற எடம்) போட்டு வைங்க. 2022லேர்ந்து கிட்ஹப் மெர்மெய்ட நேரடியாவே படமா காட்டுது, தனியா படம் எக்ஸ்போர்ட் பண்ற வேல இல்ல. எழுத்தா இருந்தா புல் ரெக்வெஸ்ட்ல (மாத்தத்த சேக்கறதுக்கு முன்னாடி மத்தவங்க பாக்கறதுக்கு வெக்கற எடம்) ஒரு அம்பு புதுசா வந்தது ஒரு வரியா தெரியும், யாரோ தானா சப்ஸ்கிரைப் பண்ணிக்கற கதையும் அங்கயே மாட்டும். ஒவ்வொரு கான்டெக்ஸ்டுக்கும் தனியா ஒரு பக்கம் வெச்சு, உள்ள வர்ற மெசேஜ் என்ன வெளிய போற மெசேஜ் என்னன்னு எல்லா படத்துலேர்ந்தும் சேத்து எழுதுனா இன்னும் நல்லது, அந்த லிஸ்ட்தான் அந்த டீம் வெளி உலகத்துக்குக் கொடுக்கற வாக்கு.

படம் சொல்றதும் சிஸ்டம் செய்யறதும் ஒண்ணான்னு பாக்க ட்ரேஸ, அதாவது ஒரு வேல எந்தெந்த சர்வீஸ் வழியா போச்சுங்கற பதிவ, எடுத்து பக்கத்துல வைங்க. அந்தப் பதிவ சேகரிக்கற ஓப்பன்டெலிமெட்ரி போட்டிருந்தீங்கன்னா ஒரே ஒரு நிஜ புக்கிங்கோட ட்ரேஸ எடுத்து நம்பர் நம்பரா டிக் அடிச்சுக்கிட்டே வாங்க. க்யூ வழியா போற எடத்துல ட்ரேஸ் அறுந்து போயிருந்தா மெசேஜ் ஹெடர்ல ட்ரேஸ் விவரத்த ஏத்தி அனுப்புறாங்களான்னு பாருங்க, அதுக்கு மேல எந்தக் கதையோட மெசேஜ், எந்த மெசேஜால வந்த மெசேஜ்னு ரெண்டு ஐடி எல்லா மெசேஜ்லயும் இருந்தா ட்ரேஸ் டூல் இல்லாமலே லாக்லேர்ந்து இந்தப் படத்த திரும்பக் கட்டிடலாம். படத்துல இல்லாத மெசேஜ் ட்ரேஸ்ல இருக்கும், ட்ரேஸ்ல இல்லாத மெசேஜ் படத்துல இருக்கும். ரெண்டாவது வகைய முதல்ல விசாரிங்க, நடக்குதுன்னு நம்பிக்கிட்டு இருக்கற ஒண்ணு நடக்கவே இல்ல.

எதுலேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சா, உங்க டீம்ல கடைசியா நடந்த பெரிய இன்சிடென்ட, அதாவது சிஸ்டம் கோளாறான சம்பவத்த எடுத்துக்கங்க. அதுல மாட்டுன ஓட்டத்த, முதல்ல எப்படி நடக்கணும்னு நெனச்சீங்களோ அப்படி ஒரு படமும், அன்னிக்கு உண்மையில எப்படி நடந்துச்சோ அப்படி ஒரு படமும் வரைஞ்சு பக்கத்துல பக்கத்துல ஒட்டுங்க. ஒரு மணி நேரம் போதும், அந்த ஓட்டத்துல வர்ற எல்லா டீம்லேர்ந்தும் ஆள் வந்தா.